உப்புத்தாள் வட்டும் ஒற்றைக் கண்ணும்

என் வீட்டுக்காரருக்கு இடது கண் கிடையாது. கல்யாணமான மறுவருஷம், இலுப்பூரில் எங்கள் கடைசல் பட்டறையில் தொட்டில் கால் கடைந்துகொண்டிருந்தபோது சிராய் தெறித்துப் போய்விட்டது. மிச்சமிருந்த வலது கண்ணுக்கு அன்றிலிருந்து நான்தான் காவல். அவர் உளியைக் கையில் எடுத்தாலே நான் பக்கத்தில் போய் நின்றுகொள்வேன். அவருக்கோ பயம் என்றால் என்னவென்றே தெரியாது. அது தைரியமில்லை, திமிர் என்று அவர் முகத்துக்கு நேரேயே சொல்லியிருக்கிறேன்.

அது யுத்த காலம். பர்மாத் தேக்கு வருவது நின்றுபோயிருந்தது. அரிமளத்தில் ஒரு வியாபாரக் குடும்பத்தில், பெண்ணுக்குச் சீர் பரப்ப அகலமான மரவை வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். மரவை என்றால் கடைந்தெடுத்த மரக்கிண்ணம். அவர்கள் கேட்ட அகலத்துக்கு ஒரே கட்டையாக எங்கே தேடியும் மரமில்லை. வேறு ஆளாக இருந்தால் கைவிரித்திருப்பார். இவர், துண்டுகளை ஒட்டிச் செய்து தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்து நின்றார்.

பட்டறையில் தேக்கும் ஈட்டி மரமும் வெட்டுத் துண்டுகளாகக் கிடந்தன. பன்னிரண்டு துண்டுகளின் ஓரங்களைச் சாய்த்துச் சீவி, வட்டமாகச் சேர்த்து, மாட்டுத்தோலைக் காய்ச்சி எடுக்கும் வஜ்ரப் பசையால் ஒட்டினால் ஒரு வளையம். வளையத்தின் மேல் வளையமாக அடுக்கிக் கடைந்தால் மரவை. சொல்வது சுலபம். ஒவ்வொரு துண்டிலும் மயிரிழை பிசகினாலும் கடைசித் துண்டு சேரும் இடத்தில் விரல் நுழையும். இழைப்புளி போட்டுப் பார்த்தார். ஒற்றைக் கண்ணுக்குச் சாய்வு பிடிபடவில்லை. அதை வாய்விட்டுச் சொல்வாரா? சேராத துண்டுகளை அடுப்புக்கு வைத்துக்கொள் என்று என் பக்கம் தள்ளினார். எனக்குப் புரிந்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் அந்த எந்திரத்தைச் செய்ய உட்கார்ந்தார். பலாப் பலகையில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு வட்டு. அதன் முகத்தில் உப்புத்தாளை வஜ்ரம் போட்டு ஒட்டினார். அச்சு, சைக்கிள் கடையில் கழித்துப் போட்டது. பக்கத்தில் கைப்பிடி வைத்த பழைய வண்டிச் சக்கரம், இரண்டுக்கும் சேர்த்து ஒரு கயிறு. வட்டுக்கு முன்னால் சின்ன மேடை. சாய்வை ஒருதரம் சரியாக அளந்து மேடைமேல் சட்டம் அடித்துவிட்டால், துண்டைச் சட்டத்தோடு அணைத்துப் பிடித்துத் தேய்த்தால் போதும். கண் பார்க்க வேண்டியதைச் சட்டம் பார்த்துக்கொள்ளும் என்றார்.

சக்கரம் சுற்றுவது யார்? வேறு யார், நான்தான். வேகமெடுத்துவிட்டால் வட்டு சுற்றுவதே கண்ணுக்குத் தெரியாது, இரைச்சல் மட்டும் கேட்கும். ஒரு முழம் தள்ளி அவர் முகம். என் கை எவ்வளவு வேகமோ, அவருக்கு அவ்வளவு ஆபத்து. கொஞ்சம் மெதுவாகச் சுற்றினால், சோறு தின்னவில்லையா என்று கேட்பார். மாரியாத்தாளுக்கு வெள்ளிக் கண்மலர் சாத்துவதாக நேர்ந்துகொண்டு சுற்றினேன். முதல் வளையம் சேர்ந்தபோது வாசல் வெயிலில் தூக்கிப் பிடித்துக் காட்டினார். இணைப்பில் எங்கேயும் வெளிச்சம் கசியவில்லை. அவர் சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சரஸ்வதி பூசை வந்தது. உளி, அறுக்கும் வாள், இழைப்புளி எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வைத்தேன். வட்டுக்கு மட்டும் தாராளமாக, தாளின் ஓரத்தில் சந்தனத்தைக் கெட்டியாக அப்பி, தீர்த்தமும் தெளித்தேன். எதன்மேல் பயம் அதிகமோ அதற்குப் பூசையும் அதிகம். மறுநாள் நல்ல நேரம் பார்த்து வேலை தொடங்கினோம். மேலே காய்ந்திருந்த சந்தனத்தை அவர் நகத்தால் சுரண்டிவிட்டுத் துண்டைக் கையில் எடுத்தார். ஈரம் பட்டால் வஜ்ரம் இளகும் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சாமிக்கு வைத்த சந்தனமும் ஈரம்தான் என்பது இருவருக்குமே தோன்றவில்லை.

சக்கரம் வேகமெடுத்ததும் சடசடவென்று ஒரு சத்தம். பசை விட்டு ஓரத்தில் கிளம்பிய தாள், கையிலிருந்த மரத்துண்டைக் கவ்வி இழுத்து அவர் முகத்தில் எறிந்தது. முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். விரல்களுக்கு நடுவே ரத்தம் வழிந்தது. பிறகு கையை எடுத்துவிட்டு என் பக்கம் பார்த்தார்.

"இருட்டிக்கிட்டு வருது. ஒன்னயக் காணோம்."

முந்தானையை நனைத்துத் துடைத்தேன். துடைக்கத் துடைக்க ரத்தம் வந்தது. புருவத்துக்கு மேலே கிழிந்திருந்தது. அதற்குக் கீழே இமை அசைந்தது.

"தெரியுதுங்களா?"

"மூக்குத்தி தெரியுது."

அவரைக் கட்டிக்கொண்டு அழுதேன். காயம் ஆறுவதற்குள்ளேயே மனிதர் புதுத் தாள் ஒட்டி முடித்து, ஒருநாள் காலையில் சக்கரத்தின் பக்கம் வரச் சொன்னார். நான் வரமாட்டேன் என்றேன். அப்படியென்றால் வாக்கு என்னாவது என்று கேட்டார்.

"நீங்க அங்கிட்டுப் போய்ச் சுத்துங்க. கட்டைய நான் புடிக்கிறேன். எனக்கு ரெண்டு கண்ணு இருக்குல்ல."

அவர் எழுந்து சக்கரத்தின் பக்கம் போனார். மேடை முன்னால் நான் நின்றேன். துண்டைச் சட்டத்தோடு அணைத்தேன். சக்கரம் கிறீச்சிட்டது. வட்டு சுற்றியது, ஆனால் அவ்வளவு மெதுவாக, தாளை ஒட்டுப்போட்ட இடம் ஒவ்வொரு சுற்றிலும் என் கண்ணுக்குத் தெரிந்தது. இன்னும் வேகமாகச் சுற்றுங்கள் என்றேன். வேகம் கூடவில்லை. திரும்பிப் பார்த்தேன். அவர் சக்கரத்தைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றியெல்லாம் வேர்வை.

"கை போக மாட்டேங்குது" என்றார்.

"நான் இத்தன நாளும் அப்படித்தான் சுத்துனேன்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். கைப்பிடியை மட்டும் விடவில்லை. அந்த ஒரு துண்டு தேய்ந்து முடிய மத்தியானம் ஆயிற்று.