இல்லாத நோய்க்கு ஒரு துண்டு

அக்காவின் முழங்கைக்குக் கீழே புளியங்கொட்டை அளவில் ஒரு வெளுப்பு விழுந்தது. வெறும் தேமல். அப்பாவின் தங்கையான மாமியின் காதுக்குப் போய்ச் சேர்ந்தபோது அது பெருவியாதியாகிவிட்டது. மாமி மகனுக்குத்தான் அக்கா என்று சின்ன வயதிலேயே பேசி, அக்காவுக்குச் சீதன வீடும் கட்டியாயிற்று. வியாதி இல்லையென்று ஆஸ்பத்திரித் துண்டு ஒன்று எழுதி வாங்கிவந்தால் வைகாசியில் கலியாணம், இல்லாவிட்டால் வேறு இடம் பார்ப்போம் என்று மாமி சொல்லியனுப்பினாள்.

எங்கள் பக்கத்து டிஸ்பென்சரியில் இருந்தவர் டாக்டருக்கு அடுத்த படியிலுள்ள ஒரு அப்போதிக்கரி. அக்காவின் கையைத் திருப்பிப் பார்த்தார், தேமல்தான் என்றார், களிம்பும் தந்தார். துண்டு மட்டும் தரமாட்டாராம். வழக்குக்குக் கோடு கேட்டால் எழுதுவார், வேலைக்குக் கந்தோர் கேட்டால் எழுதுவார். கலியாணத்துக்கும் காணிச் சண்டைக்கும் எழுதுவதில்லை என்று சுவரில் பலகையே மாட்டியிருந்தார்.

"இருக்கிற வருத்தத்தை எழுதலாம். இல்லாத வருத்தத்துக்கு என்னெண்டு துண்டு எழுதுற?" என்று அப்பாவைக் கேட்டார்.

நல்ல மனிதர்தான். ஆனாலும் அந்தப் பலகையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்பா விடுவாரா? வியாழக்கிழமை தோறும் அக்காவையும் துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். வியாழன் தோல் வியாதிக்காரரின் நாள். அவர்களை உள்ளே எடுக்கமாட்டார்கள், வெளியே போட்டிருந்த நீள மர வாங்கில்தான் இருக்கவேண்டும். அதற்கு முன்னால்தான் தோணித்துறைக்குப் போகிற பாதை. மீன் கூடைக்காரரும், மண்டூர்க் கோயிலுக்குத் தோணியேறப் போனவர்களும் அக்காவைப் பார்த்துக்கொண்டே போனார்கள். எனக்கு அது உறைத்தது. அப்பாவிடம் சொல்லப் பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதை நினைத்து அழாத வருடம் இல்லை.

நான்காம் மாதம் அப்போதிக்கரிக்கு மனம் இளகியது. இங்கிலீசில் இரண்டு வரி எழுதி, முத்திரையும் குத்தித் தந்தார். எங்களையும் இழுத்துக்கொண்டு அப்பா நேரே மாமி வீட்டுக்கு நடந்தார். மாமி அந்தத் துண்டைக் கையாலும் தொடவில்லை.

"வருத்தமில்லாத குமர் ஏன், அண்ணன், கிழமைக்குக் கிழமை அந்த வாங்கில போய் இருக்கா?" என்றாள்.

மகனுக்கு வேறு இடம் முடிவாகிவிட்டதாம்.

வீடு வந்ததும் அப்பா உள்ளே போகவில்லை. பெருவியாதி விழுந்த தோலில் வலி தெரியாது என்பார்கள். முற்றத்துத் தேசிமரத்தில் ஒரு முள்ளை ஒடித்து, அக்காவின் கையைப் பிடித்து, வெளுப்பின் நடுவில் குத்தினார்.

"நோகுதா மகள்?"

"நோகுது அப்பா" என்றாள் அக்கா.

இரத்தம் துளிர்த்தது. அப்பா அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு இன்னும் ஆழமாகக் குத்தினார்.