கரப்பான் பண்டம்

என் வீட்டுக்காரருக்கு என்மேல் பிரியம் அதிகம். அதுதான் வினை. அடிக்கிற புருஷனாக இருந்திருந்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சந்தவாசலில் அம்மா வீட்டில் போய் உட்கார்ந்திருப்பேன். கஞ்சிக் கிண்ணத்தோடு எதிரில் உட்கார்ந்து, "ஒரு வாய் குடிம்மே" என்று கெஞ்சுகிற ஆளிடமிருந்து எங்கே ஓடுவது?

ஜமுனாமரத்தூரில் சந்தைக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. முன்னறையில் அவர் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வறுப்பார். மலைக்குக் கீழேயிருந்து மூட்டை மூட்டையாக வரும். மணல் போட்டு வறுத்து, கடைகளுக்கும் வாரச் சந்தைக்கும் கொண்டுபோவார். நான் படுத்திருந்தது பின்னறையில். நடுவில் ஒரே ஒரு கதவு. அந்த வாசனை நாள் முழுக்கக் கதவிடுக்கு வழியாக வந்துகொண்டே இருக்கும்.

முதலில் வந்தது மஞ்சள் காமாலை. யாரோ கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துப் பத்தியம் சொன்னார்கள். எண்ணெய், கறி, முட்டை எதுவும் கூடாது. கண் வெளுத்தது, பசி வந்தது. பத்தியம் மட்டும் போகவில்லை. "இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும்" என்று இவர் நீட்டிக்கொண்டே போனார். அதற்குள் வயிறு போக ஆரம்பித்தது. "பாத்தியா, உள்ள இன்னும் ஆறல" என்று பருப்பையும் பாலையும் நிறுத்திவிட்டு வெறும் அரிசிக் கஞ்சியில் கொண்டுவந்து விட்டார். பிறகு ஒரு நாள் துணி காயப்போட்ட வெயிலுக்கே இரண்டு கையும் தீயாய் எரிந்தது. மணிக்கட்டு வரை கறுத்துத் தோல் உரிந்தது. கழுத்தைச் சுற்றியும் அதேபோல் ஒரு பட்டை விழுந்தது.

கரப்பான் புண் என்று தெருவே தீர்ப்புச் சொல்லிவிட்டது. எங்கள் பக்கத்தில் தோலில் எது வந்தாலும் முதல் பழி, அதைக் கிளப்பிவிடும் கரப்பான் பண்டத்தின் மேல்தான். கருவாடு, கோழி, முட்டை, எல்லாவற்றுக்கும் மேலே மல்லாட்டை. வறுக்கிற தூசுகூட என்மேல் படக் கூடாதென்று இவர் நடுக்கதவையும் சாத்தினார்.

படவேட்டிலிருந்து நாத்தனார் பார்க்க வந்தாள். என் கையைப் பார்த்ததும், என் நான்கு வயது மகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"குஷ்டமா இருந்தா இன்னா பண்றது அண்ணி? கொழந்தைக்கு ஒட்டிக்கும். தோலு தெளியட்டும், நானே கொண்டாந்து வுடறேன்."

அன்றைக்கே தன் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனாள். தோல் தெளியவில்லை. மகளைப் போனில்தான் பார்த்தேன். முதலில் முத்தம் கொடுத்தாள். போகப் போக, கூப்பிட்டால்கூடத் திரும்பாமல் விளையாடிக்கொண்டிருந்தாள். என் பிள்ளை என்னை மறந்துகொண்டிருக்கிறாள், நான் இங்கே கஞ்சி குடித்துக்கொண்டிருக்கிறேன் என்று வயிறு எரியும்.

நாக்கு சிவந்து புண்ணானது. தூக்கம் போனது. எதற்கென்றே தெரியாமல் அழுகை வரும். ஒரு நாள் மகளைப் பார்க்கப் புறப்பட்டுப் பஸ் நிற்கிற இடம் வரை போய்விட்டேன். அங்கே போனதும் எதற்கு வந்தேன் என்பதே மறந்துபோய்த் தேம்பிக்கொண்டு நின்றேன். தெரிந்தவர்கள் கொண்டுவந்து விட்டார்கள். அதிலிருந்து இவர் சந்தைக்குப் போகும்போது வெளியே பூட்டிவிட்டுப் போவார். பூட்டிய பிறகு ஜன்னலுக்கு வந்து, "பயப்படாதம்மே, போய்ட்டு சுருக்கா வந்துர்றேன்" என்பார். பூட்டுகிறவரே ஆறுதலும் சொன்னால் யாரைத் திட்டுவது? அவரைத்தான் திட்டினேன், வாய்க்கு வந்தபடி. அதையும் நோயோடு சேர்த்துவிட்டார்கள்.

கடைசியில் ஒரு நாள் கஞ்சிக் கிண்ணத்தை வாங்கி ஜன்னல் வழியாகக் கொட்டினேன்.

"ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போனாதான் இனிமே வாயத் தொறப்பேன். இல்லன்னா பச்சத் தண்ணிகூட வேணாம்."

இவர் அழுதார், கையெடுத்துக் கும்பிட்டார். நான் அசையவில்லை. மறுநாள் மலையிறங்கினோம்.

டாக்டரம்மா கையை, கழுத்தை, நாக்கைப் பார்த்தார். என்ன சாப்பாடு என்று கேட்டார். இவருக்கு முகமெல்லாம் பெருமை.

"கட்டுப்பாடாத்தாங்க வச்சிருக்கேன். கறி இல்ல, முட்ட இல்ல, மீனு இல்ல, பாலு இல்ல. மல்லாட்டைய கண்லயே காட்டலீங்க."

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினார். "இது பெல்லக்ரா. குஷ்டம் இல்ல, யாருக்கும் ஒட்டாது. நியாசின்னு ஒரு சத்து உடம்புல தீர்ந்துபோச்சு. வயிறு, தோலு, மூளை மூணையும் அது படுத்தும். மாத்திரை தர்றேன். இனிமே நீங்க எதையெல்லாம் நிறுத்தினீங்களோ அதையெல்லாம் குடுங்க. வேர்க்கடலை தினமும் குடுங்க. ஆமா, நீங்க என்ன வேலை பாக்குறீங்க?"

நான் சொன்னேன்: "மல்லாட்டதாங்க வறுக்கறாரு. மூட்ட மூட்டயா."

வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு சிரித்தேன். நாக்குப் புண் வலித்தது.

வீட்டுக்கு வந்ததும் நடுக்கதவைத் திறந்து வைத்தார். எனக்கு மெல்ல முடியாது என்று மல்லாட்டையை அரைத்து வெல்லம் போட்டுப் பாலில் கரைத்துக் கொடுத்தார். முட்டை வந்தது, மீன் குழம்பு வந்தது. வயிற்றுப்போக்கு நின்றது, தூக்கம் வந்தது, புத்தி தெளிந்தது. தோல்தான் மெதுவாக ஆறியது. ஒட்டாது என்று போனில் சொல்லியும் நம்பாமல், கை பழைய நிறத்துக்கு வந்த பிறகுதான் நாத்தனார் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

குழந்தை இளைத்துப்போயிருந்தாள். கன்னமே இல்லை. மல்லாட்டையின் தோலை ஊதிவிட்டு, பிளந்து நீட்டினேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"வாணாம்மா. கரப்பான் வந்துடும்."

"கஞ்சி மட்டுந்தான் குடுத்தேன் அண்ணி" என்றாள் நாத்தனார். "உனக்கு வந்தது அவளுக்கும் வந்துடக் கூடாதுன்னு அண்ணந்தான் அப்பவே சொல்லி அனுப்பிச்சி." ஆஸ்பத்திரியில் இவர் முகத்தில் பார்த்த அதே பெருமை அவள் முகத்தில்.

இவரைப் பார்த்தேன். அப்போது சொன்னதை மாற்றிச் சொல்ல மறந்திருக்கிறார். ஜல்லடையைப் பிடித்தபடி தலைகுனிந்து நின்றார். ஐயோ, நான் அடைபட்டுக் கிடந்த நாளெல்லாம் என் பிள்ளையும் அங்கே அதே பத்தியத்தில் அடைபட்டுக் கிடந்திருக்கிறாள். திட்டுவதற்கு என்னிடம் வார்த்தைக்கா பஞ்சம்? ஆனால் முதலில் பிள்ளை தின்ன வேண்டும்.

கீழே உட்கார்ந்து, அவள் பார்க்க ஒன்றை மென்று தின்றேன். எச்சில் விழுங்கினாள். ஆனால் வாயைத் திறக்கவில்லை. தின்னலாமா என்று நிமிர்ந்து அப்பா முகத்தைப் பார்த்தாள்.

"அவர இன்னாத்துக்குடி பாக்கற?" என்றேன். "என்னப் பாரு."

பார்த்தாள். வாயைத் திறந்தாள்.