சந்தனம் பூசிய மட்டை

மட்டையில் சந்தனம் காய்ந்தால் ஒரு மணம் வரும். கையுறையின் வியர்வை நாற்றத்தோடு கலந்து, மேற்குச் சிட்னியின் சனிக்கிழமை வெயிலில் எழும்பிய அந்த மணம் இன்னும் என் மூக்கை விட்டுப் போகவில்லை.

சின்ன வயதில் நான் விளையாடிய பேஸ்பால் குழு போன வருடம் ஒரு நினைவு மலர் வெளியிட்டது. பழைய பெரிய அடிகாரர்களின் பலத்தையும் குறையையும் எழுதித் தரும்படி என்னிடம் கேட்டார்கள். விடுவேனா?

மைக்கல் என்ற நெட்டையன் நல்ல பந்து வரும்வரை அசையாமல் நிற்பான். ஆனால் அடித்தபின் ஓடச் சொன்னால் கலியாண வீட்டில் சாப்பிட்டு எழும்பியவன்போலத்தான் அசைவான். டேரனுக்கு மணிக்கட்டு இரும்பு. இடப்பக்க வேலிக்கு மேலால் அவன் பறக்கவிட்ட பந்துகளை நான் மறுக்கமாட்டேன். தாழ்வாக வளைந்து வந்தால் மட்டும் காற்றைத்தான் வெட்டுவான். நானோ அவசரக்காரி; பாதி நாள் முதல் பந்திலேயே அவுட், பட்டால் பந்து வேலிக்கு அப்பால்.

அப்போது எனக்குப் பதினான்கு வயது. கடைசி ஆட்டத்துக்கு முன் டேரனும் நானும் ஹோம் ரன்னில், வேலி தாண்டிய அடிகளில், சமம். கூட அடிப்பவருக்குக் கோப்பை. அன்று காலை அம்மா மட்டையை மேய்ஸ் ஹில் முருகன் கோயிலுக்குக் கொண்டுபோய், புதுக் காருக்குச் செய்வதுபோல அர்ச்சனை செய்வித்து, நுனிவரை சந்தனமும் குங்குமமும் அப்பிவிட்டார். "நாவூறு படாது பிள்ளை, பயப்பிடாமல் அடி" என்று சொல்லிவிட்டு, வேலியோரம் தன் மடக்குக் கதிரையில் இருந்தார். அடித்தேன். பந்து தெருவில் போய் விழுந்தது. அம்மா எழும்பி நின்று கை தட்டினார்.

நாங்கள் ஏற்கெனவே வெல்லும் நிலைதான். அந்த அடி தேவைப்பட்டது எனக்கு மட்டும். எங்கள் பெஞ்சில் இருந்தே டேரன் நடுவரைக் கூப்பிட்டு மட்டையைக் காட்டினான். மட்டையின் மேற்பகுதியில் எதையும் பூசக்கூடாது என்பது விதியாம். நடுவர் விரலால் தொட்டு மணந்து பார்த்து, அடி செல்லாது என்றார். கோப்பை டேரனுக்கு. "கள்ள மட்டை" என்று அம்மாவின் முகத்துக்கு நேரே சொல்லிச் சிரித்தான், பாவி.

"நான் எல்லோ உன்னைக் கெடுத்துப்போட்டன்" என்று அம்மா காரில் அழுதார். அதன்பின் ஒருநாளும் மைதானத்துக்கு வரவில்லை. கதிரை கராஜிலேயே கிடந்தது.

அந்த வேலி இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி. மலரில் எழுதினேன்: "டேரன். குறை: தாழ்வான பந்து. பெருங்குறை: ஒரு தாய் பூசிய சந்தனத்தைக் களவு என்றது." அந்த வரியை எடுக்கலாமா என்று கேட்டார்கள், எடுத்தால் முழுவதையும் எடுங்கள் என்றேன்.

மலர் வந்த கிழமை டேரன் தொலைபேசியில் அழைத்தான். அறியாத வயதில் செய்த வேலை, மன்னித்துவிடு என்றான். கேட்க நல்லாய்த்தான் இருந்தது. இன்னொருதரம் சொல்ல வைத்தேன். பிறகு, இதை என் அம்மாவிடம் சொல் என்றேன். சரி, நம்பர் தா என்றான்.

அம்மா செத்து நாலு வருடம் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.