எண்ணெய் குறைந்த மூன்று குடுவைகள்

2002 ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஔந்த் பகுதியில் நாங்கள் குடியிருந்த வீட்டின் சாப்பாட்டு மேசையில் என் மனைவி தன் ஆய்வுக்கூட நோட்டை விரித்துவைத்து, என் டைரியைக் கேட்டாள். கல்யாணமாகி ஒன்பது ஆண்டில் அவள் அதைக் கேட்டது அதுவே முதல் முறை. சமைத்தது, வந்தவர்கள், பெய்த மழை என்று நான் தினமும் எழுதுவதற்கு அவள் வைத்த பெயர் பஞ்சாங்கம்.

அவள் வளர்த்த ஈஸ்ட், சர்க்கரையைத் தின்று தனக்குள் எண்ணெய் சேர்ப்பது. இன்னும் அதிகமாகச் சேர்க்கட்டும் என்று வேறோர் உயிரின் மரபணுவை அதற்குள் நுழைத்திருந்தாள். சின்னக் குடுவையில் சொன்னபடி கேட்டது, பெரிய குடுவையில் மூன்று முறையும் கைவிட்டது. மறுநாள் ஆராய்ச்சி வழிகாட்டியான மேடத்திடம் காரணம் சொல்லியாக வேண்டும். வெளியிலிருந்து வேறு ஈஸ்ட் புகுந்திருந்தால் பிழைத்தாள். ஃப்ரீசரில் இருக்கும் சுத்தமான மாதிரியிலிருந்து மறுபடி வளர்க்கலாம். ஈஸ்டே அந்த மரபணுவைச் சுமையென்று உதறியிருந்தால் மூன்றாண்டு உழைப்பும் வீண். குடுவைகளை எப்போதோ கழுவிவிட்டார்கள். மிஞ்சியவை தேதிகள்தாம்.

"உன் இட்லி உள்ள போயிருக்கும்னு மேடம் கிண்டல் பண்ணாங்க. நான் கையாலதானே மாவு கரைக்கிறேன்? புளிச்ச மாவுலயும் ஈஸ்ட் இருக்கு, நகத்துல ஒட்டியிருந்தாலே போதும்."

"க்ளவுஸ் போடுறியே?"

"அந்தக் கையாலதானே க்ளவுஸையும் எடுக்கிறேன்!"

மூன்றாவது குடுவையின் தேதியைச் சொன்னாள். முந்தைய நாள் மாலை மாவு அரைத்திருந்தோம். இரண்டாவதும் பொருந்தியது.

"பாத்தீங்களா!" என்றாள். தன் மேல் தப்பு இருப்பதற்கு ஒருவர் இவ்வளவு மகிழ்ந்து நான் பார்த்ததில்லை.

முதல் குடுவை ஜூனில். பக்கத்தைத் திருப்பினேன். கிரைண்டர் பெல்ட் அறுந்து மெக்கானிக்கிடம் இருந்த வாரம். காலைதோறும் போஹா என்னும் அவல் உப்புமா. டைரி என் பக்கம் இருந்தது. 'அரைச்சோம்' என்று ஒரு சொல் சொன்னால் போதும், அவள் எட்டிப் பார்க்கமாட்டாள்.

"என்னங்க, பக்கம் ஒட்டிக்கிச்சா?"

"கிரைண்டர் ரிப்பேர்ல இருந்திருக்கு. வாரம் பூரா போஹா."

"கடையில மாவு வாங்கியிருப்போம்."

"வாங்கலை."

"ஒரு நாள், ஒரே ஒரு நாள் தப்பா எழுதியிருக்க மாட்டீங்களா?"

டைரியை அவள் பக்கம் தள்ளினேன். விரலை வைத்து இரண்டு முறை படித்தாள். பிறகு யாரிடமோ சொல்வதுபோல், "வாரத்துல நாலு நாள் நம்ம வீட்டுல மாவுதான். ரெண்டு குடுவை பொருந்தினதுல ஒண்ணுமே இல்லை. ஈஸ்ட் தானாத்தான் ஜீனை விட்டுடுது" என்றாள். அன்று மதியம் அவள் சாப்பிடவில்லை.

திங்கட்கிழமை அவளை ஸ்கூட்டரில் ஆய்வுக்கூடத்தில் கொண்டுபோய் விட்டு, அலுவலகத்துக்குப் போகாமல் வாசலிலேயே மழையில் நின்றேன். முக்கால் மணி நேரம் கழித்து வந்தாள்.

"திட்டினாங்களா?"

"இல்லை. கிண்டலும் பண்ணலை, அதான் பயமா இருந்துச்சு. ஜீனைத் தனி வளையமா விட்டாக் கழட்டிடுமாம். ஈஸ்ட்டோட குரோமோசோமுக்குள்ளயே சேர்த்துடணுமாம். முதல்லேருந்து."

"எப்போ முடியும்?"

"டைரியில எழுத அந்தத் தேதியும் இன்னைக்கே வேணுமா உங்களுக்கு?" என்றவள், பிளாஸ்டிக் உறையால் நோட்டை மூடிக்கொண்டு திரும்ப உள்ளே நடந்தாள்.