எந்த டப்பாவை நக்கினே?

என் நாத்தனாரை எங்க பேக்கரியில எல்லாரும் ரோஜாக்கான்னுதான் கூப்பிடுவாங்க. கேக்கு மேல அவ க்ரீம்ல போடுற ரோஜாவுக்காகவே ஆர்டர் வரும். ஆளு ஈர்க்குச்சி. க்ரீமை நாக்குல வச்சுப் பார்க்குற பழக்கமே கிடையாது, மணத்தை வச்சே பதம் சொல்லிடுவா.

அவளுக்குச் சர்க்கரை வியாதின்னு தெரிஞ்ச அன்னைக்கு, அவ கூடப்பிறந்த அண்ணன், அதான் என் வீட்டுக்காரர், வேலையாளுங்க அத்தனை பேர் முன்னாடியும் கேட்டார்: "எந்த டப்பாவை நக்கினே?" பேக்கரிக்காரர் புத்தியைப் பாருங்க! சர்க்கரை வந்தா திருடித் தின்னதாத்தான் அர்த்தமாம். எல்லாரும் சிரிச்சாங்க. அவ தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னா. எனக்குப் பத்திக்கிட்டு வந்தது. "வாயைக் கழுவுங்க"ன்னு கத்தினேன், யார் காதுல விழுது?

மாத்திரை கொஞ்ச நாள் கேட்டுது, அப்புறம் கேக்கல. டாக்டரம்மா வேற ஒரு ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தாங்க. முடிவைப் பார்த்துட்டு, "இது தின்னு வந்ததில்லம்மா. இன்சுலின் சுரக்குற இடத்தை உங்க உடம்பே கொஞ்சம் கொஞ்சமா அழிச்சுக்கிட்டு வருது. இன்னும் மிச்சம் இருக்கு. இப்பவே ஊசி ஆரம்பிச்சா அந்த மிச்சத்தைக் கொஞ்ச காலமாவது காப்பாத்திப் பார்க்கலாம்"னாங்க.

கடைக்கு வந்து சொன்னா இவர் குதிக்கிறார். "ஊசியா? அது கடைசிக் கட்டமாச்சே! ஊசி போடுறவங்க கை என் க்ரீம்ல படக்கூடாது. போட்டுக்கணும்னா ட்ரே கழுவப் போ."

ரோஜா போடுற மேசையை விட அவளுக்கு மனசு வரல. ஊசியைத் தள்ளிப் போட்டுக்கிட்டே வந்தா. கடைசியில ஒரு நாள் கேக்குல ரோஜா போட்டுக்கிட்டிருக்கும்போதே மயங்கி விழுந்தா. மிச்சம் இருந்ததும் அநேகமா போயிடுச்சுன்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க. அப்புறம் ஊசி வந்தது, ட்ரேயும் வந்தது.

"அண்ணி, இதை நான் சும்மா விடமாட்டேன்"னா.

"விடாதேடி"ன்னேன்.

மதியமானா கழுவுற தொட்டிகிட்டேயிருந்து நேரா அண்ணன் முன்னால வந்து நிப்பா. அவர் கண்ணைப் பார்த்துக்கிட்டே கையில ஊசி போட்டுக்குவா. இவர் முகத்தைத் திருப்பிக்குவார்.

பிறகு இவருக்கே தாகம் ஆரம்பிச்சது. பாட்டில் பாட்டிலா தண்ணி குடிக்கிறார், பெல்ட்டுல புதுசா ஓட்டை போடுறார். நான் வேலை அலுப்புன்னு நினைச்சேன். அவ நினைக்கல. ஈரக் கையோட வந்து, அதே வேலையாளுங்க முன்னாடி கேட்டா: "அண்ணா, நீ எந்த டப்பாவை நக்கினே?"



டாக்டரம்மாகிட்ட அவரைக் கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போனதும் அவதான். அண்ணனுக்கும் அதே வியாதி. ஆனா இன்சுலின் நிறைய மிச்சம் இருக்காம். இப்பவே ஊசின்னதும் மனுஷன் பெட்டிப் பாம்பா தலையாட்டினார். கடைசிக் கட்டம் எங்கே போச்சோ!

வெளியே வந்ததும், "எனக்கும் மிச்சம் இருந்துச்சு அண்ணா"ன்னா.

மறுநாள் காலையில, "மேசைக்கு வந்துடும்மா"ன்னு அவரே தொட்டிகிட்ட போய்க் கூப்பிட்டார். அவ கையைத் துடைச்சுக்கிட்டு, தேய்க்கிற நாரை அவர் கையில திணிச்சா.

"ஊசி போடுறவங்கதானே ட்ரே கழுவணும்? நீ போட்ட சட்டம். நான் என் பங்கைக் கழுவிட்டேன்."

இவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் சோப்பை எடுத்து நீட்டினேன்.