அண்ணன் பங்குக் கஞ்சி

என் முதல் நோன்பை நான் பிடித்தபோது எனக்கு ஏழு வயது. வெள்ளைக்காரன் போய் நான்கைந்து வருடம் ஆகியிருக்கும். ராயபுரத்தில், துறைமுகத்துச் சங்கு காதில் விழுகிற தூரத்தில் எங்கள் வீடு. அந்த வருடம் ரம்ஜான் ஆனி மாத வெயிலில் வந்தது. மத்தியானத்துக்குள் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. தண்ணீர்க் குடத்தின் அருகே மூன்று தரம் போனேன். அம்மா பார்க்கமாட்டாள், ஆனால் அல்லாஹ் பார்ப்பான் என்று மூன்று தரமும் திரும்பி வந்துவிட்டேன்.

அன்று விடியுமுன் சஹர் சாப்பிடும்போதே அண்ணன் பந்தயம் கட்டியிருந்தான்.

"பாப்பா, சாயங்காலம் வரிக்கும் நீ தாங்கிட்டன்னா, வர்றப்ப உனக்குக் கலர் சோடா வாங்கியாறேன்."

அண்ணனுக்கு அப்போதுதான் மீசை கறுத்திருந்தது. அத்தாவோடு துறைமுகத்தில் மூட்டை ஏற்றி இறக்கும் வேலை. இருவரும் சேர்ந்து போய்ச் சேர்ந்தே வருவார்கள்.

எங்கள் முற்றத்தைச் சுற்றி ஆறு குடித்தனங்கள். நோன்பு மாதம் முழுக்க எல்லோரும் அந்த முற்றத்தில்தான் ஒன்றாக உட்கார்ந்து நோன்பு திறப்போம். நடுவில் ஒரு பழைய சேலையைக் கட்டி, இந்தப் பக்கம் பெண்கள், அந்தப் பக்கம் ஆண்கள். கஞ்சி காய்ச்சுவது முறைவைத்து வரும். அன்று எங்கள் வீட்டு முறை. தம்பி பிறந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. பால் கொடுக்கிறவள் நோன்பு பிடிக்க வேண்டியதில்லை என்று எல்லோரும் சொல்லியும் அம்மா கேட்கவில்லை. தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டே கஞ்சியைக் கிண்டினாள். எல்லோருக்கும் ஊற்றுவதற்கு முன் கறித்துண்டாகப் பார்த்து அண்ணனுக்கு ஒரு கிண்ணம் எடுத்து மூடி வைத்தாள்.

நான் வாசலில் காத்திருந்தேன். அத்தா மட்டும் வந்தார். அவர் பின்னால் எதிர்வீட்டு மாமா. அவர் வேதக்காரர், மாதா கோயிலுக்குப் போகிறவர்; அத்தாவோடு வேலை பார்ப்பவர். நோன்பு கிடையாது, ஆனால் கஞ்சிக்கு முதல் ஆளாக உட்கார்ந்துவிடுவார். அன்று உள்ளேயே வரவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அத்தா, நான் இன்னும் நோன்ப உடலை!" என்றேன். அத்தா என் தலையில் கையை வைத்தார். அப்படியே என்னைத் தாண்டி உள்ளே போனார். எனக்குக் கோபம் வந்தது.

சேலைக்குப் பின்னாலிருந்து அம்மா கேட்டாள். "இன்னாங்க, பெரியவன் எங்க?"

அத்தாவுக்குக் காது கேட்காதது போல இருந்தது. அம்மா இன்னொரு தரம் கேட்டாள். அவர் கையிலிருந்த பேரீச்சம்பழத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நோன்போடு பொய் சொல்லக்கூடாது என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான்.

பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். பழத்தை வாயில் வைத்துத் தண்ணீர் குடித்த பிறகுதான் அத்தாவுக்குக் குரல் வந்தது.

"அவன் அங்கயே நோன்பு தொறந்துட்டான். வேல கீது. நீ குடி."

அதன் பிறகு அவர் செய்ததை அந்த முற்றத்தில் எந்த ஆணும் செய்ததில்லை. எழுந்து, சேலையை விலக்கிக்கொண்டு பெண்கள் பக்கம் வந்தார். பெண்கள் அவசரமாக முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்கள். அம்மாவின் எதிரில் குந்தி உட்கார்ந்து கஞ்சிக் கிண்ணத்தை அவள் வாயருகே பிடித்தார்.

"இன்னாங்க இது, எல்லாரும் பாக்கறாங்க," என்று அம்மா வெட்கப்பட்டாள். பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அம்மா குடித்து முடித்ததும், மூடி வைத்திருந்த கிண்ணத்தைத் திறந்தார்.

"அது அவனுக்குங்க."

"நீயே குடி."

"வந்து கேப்பானே."

"குடின்றேன்ல."

அம்மா குடித்தாள். கடைசி வாய் வரைக்கும் அத்தா கிண்ணத்தை விடவில்லை. கதவருகே நின்ற மாமா தோள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு வெளியே போனார்.

மக்ரிப் தொழுத பிறகு அத்தா அம்மாவை உள்ளே கூப்பிட்டுச் சொன்னார். அண்ணன் மத்தியானமே மூட்டையோடு கால் வழுக்கி, கப்பலுக்கும் கரைக்கும் நடுவே விழுந்துவிட்டான். ஆஸ்பத்திரியில் கிடத்தியிருந்தார்கள்.

அம்மாவின் சத்தத்தில் முற்றமே உள்ளே ஓடி வந்தது. அவள் அத்தாவின் நெஞ்சில் இரண்டு கையாலும் அறைந்துகொண்டிருந்தாள்.

"அவன் பங்கையும் எனக்கே ஊத்தினியே! தெரிஞ்சிகினே ஊத்தினியே!"

அம்மா அத்தாவை 'நீ' என்று சொல்லி அன்றுதான் கேட்டேன். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அண்ணன் விழுந்தான் என்றால் எழுந்து வருவான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கஞ்சிக்காகத்தான் இத்தனை சண்டை என்று எண்ணி, "அழாதம்மா, அண்ணனுக்கு வேற கஞ்சி காச்சலாம்," என்றேன். யாரும் என்னைத் திட்டவில்லை. ஒரு பெண் என்னைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

அடக்கம் முடிந்து வெகு நாட்கள் அம்மா சோற்றைத் தொடவில்லை. அத்தாவிடம் பேசவும் இல்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். அந்தச் செய்தி கேட்ட இரவே தம்பி வீறிட்டபோது ஒருத்தி அவனைக் கொண்டுபோய் அவள் மார்பில் போட்டாள். இரண்டு கிண்ணம் கஞ்சி குடித்திருந்தாள்; அவனுக்குப் பால் இருந்தது. அழுகையை நிறுத்திவிட்டு மடக் மடக்கென்று குடித்தான். அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வாசற்படியில் உட்கார்ந்திருந்த அத்தா மட்டும், தம்பி குடித்துவிட்டுத் தூங்கும்வரை அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகுதான் அவர் அழுதார். தம்பிதான் தூங்கிவிட்டானே, இப்போது எதற்கு அழுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை.