பார்ட்டி வண்டி

ஊருக்கெல்லாம் வண்டி பார்க்கிற மெக்கானிக்கிடம் சொந்தமாக ஒரு நல்ல வண்டி இருந்து யாராவது பார்த்திருக்கிறீர்களா? சுடலைக்கண்ணனும் அந்த ரகம்தான். தூத்துக்குடி பைபாஸ் ஓரத்துப் பட்டறையில் முப்பது வருஷமாக உப்பு லாரிகளுக்கு வைத்தியம் பார்க்கிறார். உப்பு ஏற்றுகிற லாரியை உப்பே தின்றுவிடும். அடித்தகடு போகும், மட்கார்டு போகும், கடைசியில் சேஸ் என்கிற அடிச்சட்டமே போகும். இவர் ஒட்டுப்போட்டு அனுப்புவார். அடுத்த வருஷம் அதே லாரி வேறொரு ஓட்டையோடு வந்து நிற்கும்.

சொந்த வண்டி இல்லையே என்று அவர் கவலைப்பட்டதும் கிடையாது. பழுது பார்த்ததை ஓட்டிப் பார்க்காமல் எப்படித் திருப்பிக் கொடுப்பது? அதற்கு டிரையல் என்று பெயர். வழியில் யார் நிறுத்தி விசாரித்தாலும், "பார்ட்டி வண்டி, டிரையல் பாக்கேன்" என்ற பதில் நாக்கு நுனியில் இருக்கும். பார்ட்டி என்றால் வண்டிக்குச் சொந்தக்காரர். கல்யாணமான புதிதில் மனைவி செல்வராணியைச் சஷ்டிக்குச் சஷ்டி திருச்செந்தூருக்குக் கூட்டிப்போனதெல்லாம் இந்த டிரையலில்தான். ஒரு மாதம் அம்பாசடர், மறுமாதம் ஜீப். அவளும் ஜன்னலில் முழங்கையை ஊன்றிக்கொண்டு ஜோராகத்தான் போய்வந்தாள்.

பதினாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் இருவரும் அப்படி ஒரு காரில் போகும்போது, கடைத்தெருவில் அந்தக் காரின் பார்ட்டியே எதிரில் வந்துவிட்டார். காரை மறித்தார். சுடலைக்கண்ணனை ஒன்றும் சொல்லவில்லை. செல்வராணி பக்கம் குனிந்து, "யாரு வண்டின்னு நெனச்சு உக்காந்திருக்க? இறங்கு" என்றார். கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவள் பூப்பையை எடுத்துக்கொண்டு இறங்கி நடந்தாள். சுடலைக்கண்ணன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். வாயில் ஈ போனால்கூடத் தெரிந்திருக்காது.

வீட்டில் அவள் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் இரண்டு நாளில் தீர்ந்திருக்கும். அன்றிலிருந்து அவர் ஓட்டுகிற எதிலும் ஏறவில்லை, அவ்வளவுதான். பட்டறை மொபெட்டில்கூட ஏறவில்லை. மாதா மாதம் சஷ்டிக்குப் பஸ்ஸில் தனியாகப் போய்வந்தாள். அவள் ஒரு தடவை பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டால் போதும் என்று அவர் ஏங்கினார். அதை வாய் விட்டுக் கேட்கிற தைரியம் மட்டும் வரவில்லை.

இந்த நிலைமையில்தான் உப்பளம் வைத்திருக்கிற தாணுலிங்கம் அண்ணாச்சியின் குடோனில் அந்தக் கார் அகப்பட்டது. அவருடைய அப்பா காலத்து இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் கார். கூரை கிடையாது, இரண்டே சீட். நாற்பது வருஷம் உப்பு மூட்டைகளுக்கு நடுவே கிடந்ததில் தரைத்தகடு பொடிப்பொடியாகியிருந்தது. எலி குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. இடம் காலியானால் சரி என்று அண்ணாச்சி தாள்களில் கையெழுத்துப் போட்டு இவரிடம் தள்ளிவிட்டுவிட்டார்.

சுடலைக்கண்ணன் அதைப் பழையபடி ஆக்கவில்லை. உப்பு தின்ற இடத்தையெல்லாம் வெட்டி எறிந்தார். மட்கார்டு நாலும் போயின, கதவு இரண்டும் போயின. லாரித் தகட்டில் தரை அடித்தார். ஜீப் டீசல் என்ஜினை உள்ளே இறக்கியபோது பானெட் மூட மறுத்தது. மூடாவிட்டால் போ என்று கழற்றி மூலையில் சாய்த்தார். சைலன்சர் பக்கவாட்டில் துருத்திக்கொண்டு நின்றது. வெல்டிங் தழும்பு ஒன்றையும் அவர் ராவி மறைக்கவில்லை. ஸ்பேர் பார்ட்ஸ் கடை செந்தில்முருகன் வந்து பார்த்துவிட்டு, சிவப்புப் பெயிண்டாவது அடியும், பிள்ளைகள் பயந்துவிடும் என்றார். பெயிண்டுக்கு அடியில் உப்பு என்ன வேலை செய்யும் என்று தமக்கு நன்றாகத் தெரியும், தின்கிறது வெளியே தெரிந்து தின்னட்டும் என்று இவர் சொல்லிவிட்டார்.

ஆர்டிஓ ஆபீசுக்கு எட்டு மாதம் நடந்து என்ஜின் மாற்றத்துக்கு அனுமதி வாங்கினார். ஆர்சியில் சொந்தக்காரர் என்று தம் பெயரைப் போடவில்லை. செல்வராணி பெயரைப் போட்டார். நீட்டிய தாளை இன்சூரன்ஸ் தாள் என்று நினைத்து அவள் கையெழுத்துப் போட்டிருந்தாள். அவர் சொந்தமாக வாங்கிய வண்டி என்று அவளுக்குத் தெரியும்; பெயர் விஷயத்தை மட்டும் பக்கத்தில் உட்காரும் நாளில் சொல்லிக்கொள்ளலாம் என்று அவர் வாயை மூடிக்கொண்டிருந்தார்.

சஷ்டிக்கு முந்தின நாள் ஒரு காரியம் செய்தார். பெயிண்ட் இல்லாத தகட்டைக் கடல்காற்று சும்மா விடுமா? திரேஸ்புரத்தில் படகு வைத்திருக்கிற இஞ்ஞாசி, வள்ளத்துக்குப் பூசுகிற மீன் எண்ணெயில் ஒரு கேன் கொடுத்தார். சுடலைக்கண்ணன் அதை அடி முதல் நுனி வரை ஆசையாகப் பூசினார். நாள் முழுக்க டீசலில் கிடக்கிற மூக்குக்கு எந்த வாடை தெரியும்?

காலையில் வண்டி வாசலில் நின்றது. சுற்றிலும் தெருப் பூனைகள் அத்தனையும் உட்கார்ந்திருந்தன. தலைக்குக் குளித்து, விரதத்தோடு படியிறங்கிய செல்வராணி முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். சஷ்டியும் அதுவுமாக மீன் வாடையில் உட்காரச் சொல்கிறீர்களா என்று கேட்டுவிட்டு, பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்துவிட்டாள்.  பாவம், மனுஷன் வண்டியைக் கிளப்பி அந்தப் பஸ்ஸின் பின்னாலேயே திருச்செந்தூர் வரைக்கும் போனார்.

அவள் கடலில் குளித்து, சாமி பார்த்து, சாப்பிட்டு விரதம் முடித்து வெளியே வந்தபோது மணி இரண்டு. வேப்பமரத்தடியில் வண்டி நின்றது. அவரும் நின்றார். அவள் வண்டியை ஒரு சுற்று சுற்றிவந்து, வெல்டிங் தழும்பு ஒன்றைத் தடவிப் பார்த்தாள்.

"விரதம் முடிஞ்சிட்டு. இனி எந்த வாடை அடிச்சா என்ன" என்று ஏறி உட்கார்ந்தாள்.

 அவள் ஏறிய சந்தோஷத்தில் அவருக்கு ஆர்சி விஷயத்தைச் சொல்ல வேண்டும் என்பதே மறந்துபோனது.  ஆத்தூர் தாண்டும்வரை அவள் கதவில்லாத பக்கத்தில் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்திருந்தாள்.

முக்காணி பக்கம் ஒரு போலீஸ்காரர் கை காட்டினார். இப்படி ஒரு வண்டியைப் பார்த்தால் யார்தான் நிறுத்தமாட்டார்கள்?

"யாரு வண்டிய்யா இது?"

"பார்ட்டி வண்டி சார், டிரையல் பாக்கேன்" என்றார் சுடலைக்கண்ணன்.

முப்பது வருஷப் பழக்கம், நாக்கு முந்திக்கொண்டுவிட்டது. சொன்ன பிறகுதான் அவருக்கே காதில் விழுந்தது. திரும்பிப் பார்த்தார். செல்வராணி பையை எடுத்துக்கொண்டு ஒரு காலைத் தரையில் வைத்திருந்தாள். முகத்தில் கோபமே இல்லை. அன்று கடைத்தெருவில் இருந்த அதே முகம்.

அவர் சட்டைப் பையிலிருந்து ஆர்சியை எடுத்தார். போலீஸ்காரர் நீட்டிய கையில் கொடுக்கவில்லை, அவளிடம் நீட்டினார்.

"ஏளா, இறங்காத. அதுல யாரு பேரு போட்டிருக்குன்னு படி."

அவள் படித்தாள். மறுபடியும் படித்தாள். தரையில் வைத்த காலை உள்ளே எடுத்துக்கொண்டு, முந்தானையைச் சரிசெய்து, ஆர்சியைப் போலீஸ்காரரிடம் நீட்டினாள்.

"பார்ட்டி நான்தான் சார்" என்றாள்.